நின்ற இடத்தில் 214: ஒரு நெஞ்சுப் பட்டையைப் பிரித்துப் பார்த்தது

சென்னையிலிருந்து மச்சான் கொண்டுவந்து போட்ட சாமான்களில் இதயத்துடிப்பு காட்டும் பட்டை ஒன்றும் இருந்தது. நெஞ்சைச் சுற்றிக் கட்டும் இலாஸ்டிக், உள்பக்கம் இரண்டு கறுப்பு ரப்பர் பட்டைகள், வெளிப்பக்கம் இரண்டு டிச் பட்டன், அதில் மாட்டிக்கொள்ள ஒரு சின்ன சென்சார். "ஓட மாட்டேங்குது, வேணும்னா வச்சுக்கங்க" என்று கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஓடாமல் இல்லை, தாறுமாறாக ஓடியது. காரைக்குடியிலிருந்து குன்றக்குடிக்கு சைக்கிளை மிதித்தால் போனில் தெரியும் துடிப்பு எண் முதல் பத்து நிமிடம் 190, 62, 214 என்று துள்ளும். சிக்னலில் ஒரு காலை ஊன்றி நிற்கும்போதே 214 காட்டியிருக்கிறது. வியர்த்த பிறகு சரியாகும். எதிர்காற்றுக்குக் குனிந்து மிதித்தால் துடிப்பை வரைந்து காட்டும் கோடு பொத்தென்று விழும். திரும்பி வரும் வழியில் எண்ணே இருக்காது, அந்த இடத்தில் வெறும் இரண்டு சிறு கோடுகள்தான்.

இதை யாரிடம் சொன்னாலும் முதல் பதில் "பேட்டரியை மாத்து", இரண்டாவது "புதுசு வாங்கு". இவை இரண்டுக்கும் நடுவே பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. தப்பான எண் எந்த நேரத்தில், எந்த விதமாகத் தப்புகிறது என்று கவனித்தால் கோளாறு எந்தப் பக்கம் என்பது பாதி தெரிந்துவிடும். என் பட்டையில் மூன்று விதமான தப்பு இருந்ததால் மூன்று காரணங்கள் இருக்கும் என்று நினைத்தேன். அப்படித்தான் இருந்தது.

பட்டை செய்யும் வேலை எளிமையானது. ஒவ்வொரு துடிப்பின்போதும் இதயத்தில் எழும் மின்சைகை நெஞ்சுத் தோலுக்கு வரும்போது ஏறக்குறைய ஒரு மில்லிவோல்ட்தான் இருக்கும். இரண்டு ரப்பர் பட்டைகளும் அதைப் பிடித்து, பட்டன் வழியாக சென்சாருக்குக் கொடுக்கின்றன. சென்சார் அடுத்தடுத்த இரு உச்சிகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் என்று அளந்து, நிமிடக் கணக்காக்கி அனுப்புகிறது. ஆஸ்பத்திரி ஈசிஜியின் சுருக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-இல் இப்படி உடம்பில் கட்டும் வயர் இல்லாத கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்று முதல் இன்றுவரை அடிப்படை மாறவில்லை. அனுப்பும் வழி மட்டும் புளூடூத்தாகவும், அதைப் போன்ற இன்னொரு ரேடியோ முறையான ஆன்ட் பிளஸ்ஸாகவும் ஆகியிருக்கிறது.

ஒரு மில்லிவோல்ட் என்பதை மறக்கக் கூடாது. அவ்வளவு சின்ன சைகை வரும் பாதையில் கொஞ்சம் உப்பு, கொஞ்சம் களிம்பு, ஓர் அறுந்த இழை இருந்தாலே போதும்.

முதல் வேலைக்குக் கருவி எதுவும் வேண்டாம். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். எண்ணும்போதே துடிப்பு விட்டுவிட்டு வருவதாகவோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மிக வேகமாக ஓடுவதாகவோ தெரிந்தால் வோல்ட்டும் ஓமும் அளக்கும் மல்டிமீட்டரைக் கீழே வைத்துவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். அது பட்டையின் கோளாறு இல்லை. எனக்கு விரலுக்கு 84 வந்தபோது பட்டை 168 சொன்னது. சரியாக இரட்டிப்பு. ஒரு துடிப்பில் பெரிய உச்சி ஒன்றும், அதன் பின்னால் சிறிய மேடு ஒன்றும் வரும். தொடர்பு மோசமாக இருந்து பெரிய உச்சி குள்ளமாகிவிட்டால், சென்சார் அந்த மேட்டையும் ஒரு துடிப்பாக எண்ணிவிடும். பாதியாகக் காட்டினால் ஒன்று விட்டு ஒன்றைத் தவறவிடுகிறது என்று பொருள். இரட்டிப்போ பாதியோ வந்தால் தோலுக்கும் பட்டனுக்கும் நடுவில்தான் தேட வேண்டும்.

அடுத்தது போன். உடற்பயிற்சி ஆப்கள் எண்ணை வழவழப்பாக்கிக் காட்டுவதால் கோளாறு தேட உதவாது. என்ஆர்எஃப் கனெக்ட் என்ற இலவச ஆப் சென்சார் அனுப்புவதை அப்படியே காட்டும்: துடிப்பு, ஒவ்வொரு துடிப்புக்கும் இடையிலான மில்லிவிநாடி, பேட்டரி சதவீதம். சில சென்சார்கள் தோலில் தொடர்பு இருக்கிறதா இல்லையா என்பதையும் சேர்த்து அனுப்பும். என் கையில் இருந்தது அனுப்பியது. வளவில் தூணில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தேன். நிமிர்ந்து இருந்தால் "தொடர்பு உண்டு". முன்னால் குனிந்தால் "இல்லை". நிமிர்ந்தால் மறுபடி "உண்டு". எதிர்காற்றில் கோடு விழுவதற்கு இதுதான் காரணம் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. குன்றக்குடி எங்களுக்கு மேற்கே. ஆடியில் காற்றும் மேற்கிலிருந்துதான். போகும்போது குனியாமல் மிதிக்க முடியாது.

ஆனால் திரும்பும் வழியில் எண்ணே இல்லாமல் போனதற்கு இது காரணமாக இருக்க முடியாது. காற்று முதுகில், நான் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். போன் பின்பாக்கெட்டில் இருந்தால் புளூடூத் சைகையை உடம்பே மறைக்கும் என்பதால் அதை ஹேண்டில் பாருக்கு மாற்றிப் பார்த்தேன். மாற்றம் இல்லை. வேறு போனோ டேப்லெட்டோ சென்சாரை முன்பே பிடித்து வைத்திருக்கிறதா என்றும் பார்த்தேன். பழைய சென்சார்கள் பல, புளூடூத்தில் ஒரே நேரத்தில் ஒருவருக்குத்தான் பதில் சொல்லும். அதுவும் இல்லை.

சரி, பேட்டரி. சென்சாரின் பின்மூடியை ஒரு நாணயத்தால் திருகினால் திறந்துவிடும். உள்ளே சிஆர்2032 என்ற காசு வடிவ செல். மல்டிமீட்டர் 2.96 வோல்ட் காட்டியது. மூன்று வோல்ட் செல்லுக்கு இது நல்ல எண்தானே என்று யாரும் மூடிவிடுவார்கள். இந்த வகை லித்தியம் செல் கடைசி வரை கிட்டத்தட்ட அதே வோல்ட்டைக் காட்டிக்கொண்டிருக்கும். உள்தடை, அதாவது செல்லுக்குள்ளேயே மின்சாரத்தைத் தடுக்கும் தன்மை, மட்டும் ஏறிக்கொண்டே போகும். சும்மா இருக்கும்போது தெரியாது, சென்சார் ரேடியோவில் அனுப்பும் அந்த நொடிப்பொழுதில்தான் விழும். அதனால் பாரம் கொடுத்து அளக்க வேண்டும். மஞ்சள், ஊதா, பழுப்பு வளையம் போட்ட 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை செல்லின் இரு முனைகளிலும் இரண்டு மூன்று விநாடி வைத்து வோல்ட்டைப் பார்த்தேன். 2.3-க்கு இறங்கிவிட்டது. புது செல்லில் அதே ரெசிஸ்டரை வைத்தால் மூன்றை ஒட்டியே நிற்கிறது. ஆப் காட்டிய பேட்டரி சதவீதம் 80. அந்த எண்ணை நான் இனி நம்பப் போவதில்லை.

செல் வாங்கும்போது இரண்டு விஷயம். கடையில் 2025 இருந்தால் "அதேதான் சார், போடுங்க" என்பார்கள். விட்டம் ஒன்றுதான், ஆனால் 2032-இன் கனம் 3.2 மில்லிமீட்டர், 2025-இன் கனம் 2.5. உட்காரும், ஆனால் குலுங்கினால் தொடர்பு விட்டுப்போகும். மற்றது, குழந்தைகள் விழுங்காமல் இருக்க சில செல்களின் மேல் கசப்புப் பூச்சு பூசியிருப்பார்கள். நல்ல நோக்கம்தான், வீட்டில் குழந்தை இருந்தால் அதையே வாங்குங்கள். சில கருவிகளில் அந்தப் பூச்சு தொடர்பைக் கெடுக்கும் என்பதால், தொடர்பு படும் இடத்தை மட்டும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டுப் போட வேண்டும். பழைய செல்லைக் கண்ட இடத்தில் போடாமல் டேப் சுற்றி எடுத்து வையுங்கள். சின்னப் பிள்ளை விழுங்கினால் உணவுக்குழாயில் சில மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும்.

செல்லை எடுத்த பிறகு உடனே புதியதைப் போடாமல் அரை நிமிடம் விட்டேன். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்தால்தான் சென்சார் முழுதாக அணைந்து புதிதாகத் தொடங்கும். மூடியில் இருந்த ரப்பர் வளையத்தில் மணல் ஒட்டியிருந்தது. துடைத்து, துளி சிலிகான் கிரீஸ் தடவி உட்கார வைத்தேன். அந்த வளையம் நெளிந்து உட்கார்ந்தால் வியர்வை நேராக உள்ளே போகும். எங்கள் ஊர் சித்திரை வெயிலில் வியர்வைக்குப் பஞ்சமே கிடையாது.

திரும்பும் வழிச் சிக்கல் இத்துடன் போனது. துள்ளலும் குனிந்தால் விழுவதும் அப்படியே இருந்தன.

இனி பட்டை. டிச் பட்டன்களின் ஓரத்தில் பச்சையாகப் பிடித்திருந்தது. பித்தளைமேல் நிக்கல் முலாம், முலாம் தேய்ந்த இடத்தில் வியர்வை உப்பு, அதற்கு மேல் பட்டை உடம்பில் இருக்கிறதா என்று பார்க்க பல சென்சார்கள் பட்டன்களுக்கு இடையே விடும் மிகச் சிறு மின்சாரம். அரிப்புக்கு வேறென்ன வேண்டும்! 1953-இல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் திறக்கப்பட்ட ஊர் காரைக்குடி. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வரவழைத்தது. பேட்டரியும் உலோக அரிப்பும் அங்கே பெரிய ஆராய்ச்சி. ஈரப் பட்டையில் சென்சாரை மாட்டியபடியே பைக்குள் சுருட்டி வைத்தால் அந்த இரண்டு பாடத்தையும் வீட்டிலேயே படிக்கலாம். ஈரம் இருக்கும்வரை சென்சார் யாரோ அணிந்திருப்பதாக நினைத்து விழித்துக்கொண்டே இருக்கும். செல் தீரும், பட்டன் அரிக்கும்.

களிம்பைப் பார்த்த அப்பத்தா, "புளியை வச்சுத் தேய்டா, போயிரும்" என்றார். பித்தளை அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்தே ஆயுசைக் கழித்தவர் சொல்வது பொய்யாகாது. புளியில் இருக்கும் அமிலம் களிம்பைக் கரைக்கும், முலாமுக்கு அடியில் இருப்பதும் பித்தளைதானே. ஆனால் அமிலம் இடுக்கில் தங்கினால் திரும்ப அரிக்கும். அதனால் பட்டையில் இருக்கும் பட்டன்களுக்கு மட்டும், காது குடையும் பஞ்சுக் குச்சியில் புளிக்கரைசலைத் தொட்டுத் தேய்த்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முறை, நல்ல தண்ணீரில் பல முறை அலசிக் காயவிட்டேன். சென்சாரின் பக்கம் இருக்கும் குழிகளுக்குப் புளி கூடாது. அங்கே ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பென்சில் ரப்பரும்தான்.

சுத்தம் செய்த பிறகு மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து அளந்தேன். இரண்டு பட்டன்களுக்கும் நடுவே, பட்டை காய்ந்திருக்கும்போது தொடர்பே இருக்கக் கூடாது. இல்லை, நல்லது. ஒவ்வொரு பட்டனுக்கும் அதன் ரப்பர் பட்டைக்கும் நடுவே தொடர்பு இருக்க வேண்டும். இடது பக்கம் 300 ஓம் சுற்றி நிலையாக நின்றது. கரி கலந்த ரப்பர் என்பதால் பூஜ்யம் வராது, கவலையில்லை. வலது பக்கம் 900. பட்டையைப் பட்டன் ஓரத்தில் லேசாக மடக்கினேன்: 4 கிலோ ஓம், 20 கிலோ ஓம், பிறகு தொடர்பே இல்லை. விரலை எடுத்தால் மறுபடி 900. குனிந்தால் விழுகிற கோடு இதுதான். பட்டனிலிருந்து ரப்பருக்குப் போகும் உள்பட்டி, மடங்கும் இடத்தில் கீறிவிட்டிருந்தது.

சென்சார் நல்லதுதானா என்பதையும் பட்டை இல்லாமலே பார்த்துவிட விரும்பினேன். மெடிக்கல் கடையில் ஈசிஜி எலக்ட்ரோடு கிடைக்கும். நடுவில் உலோகக் குமிழ், அடியில் ஜெல் தடவிய ஒட்டுப்பட்டை. பாக்கெட்டாகத்தான் விற்பார்கள், தெரிந்த கடை என்றால் நாலைந்து பிரித்துக் கொடுப்பார்கள். பட்டையின் ரப்பர்கள் படும் அதே இரு இடங்களிலும், மார்புக்குக் கீழே வலமும் இடமுமாக ஒட்டினேன். பழைய துணியில் கிடந்த டிச் பட்டன் இரண்டைச் சென்சாரில் மாட்டி, குரோக்கடைல் கிளிப் வயரால் எலக்ட்ரோடுகளோடு இணைத்தேன். சென்சார் பேட்டரியில்தான் ஓடுகிறது என்பதால் இதில் ஆபத்தில்லை. சுவர் பிளக்கில் செருகிய எதையும் இந்த வயர்களின் அருகில் கொண்டுபோகக் கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்தச் சோதனையையும், டாக்டரைக் கேட்காமல் பட்டை அணிவதையும் தவிர்க்க வேண்டும். ஆப்பில் எண் அசையாமல் வந்தது. குனிந்தேன், நிமிர்ந்தேன், முற்றத்தில் ஓடிப் பார்த்தேன். இடைவெளிகள் 720, 735, 728 மில்லிவிநாடி என்று அழகாக வரிசை கட்டின. சென்சாரில் குறையில்லை.

அறுந்த உள்பட்டிக்கு ஈயம் வைக்க முடியாது, ரப்பர் கருகிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வரும் மின்கடத்தும் நூல் ஆன்லைனில் கிடைக்கிறது, தைக்கலாம், துருப்பிடிக்காது. கனமான ஊசியில் கோத்து, பட்டனின் அடிவிளிம்பைச் சுற்றி இறுக்கமாக ஐந்தாறு சுற்று, அங்கிருந்து மடிப்பைத் தாண்டி ரப்பர்மேல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சென்டிமீட்டர் தையல். மடிப்பின்மேல் நூலை இழுத்துத் தைக்காமல் கொஞ்சம் தொய்வாக வளைத்து விட வேண்டும். இலாஸ்டிக் நீளும்போது நூல் நீளாது, தையல்தான் பிய்யும். தையல் வலது பக்கத்திலேயே இருக்கட்டும், இடது பட்டனை நோக்கி ஓர் இழைகூடப் போகக் கூடாது. பட்டனையே கழற்றி மாற்றலாம் என்று தையல் கடைக்காரர் சொன்னார். இரு பட்டன்களுக்கும் நடுவில் உள்ள தூரம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் சென்சார் மாட்டாது, அதனால் வேண்டாம் என்றுவிட்டேன். நீண்டு தளர்ந்திருந்த இலாஸ்டிக்கை மட்டும் அவரிடமே கொடுத்து ஒரு மடிப்புப் பிடித்துத் தைத்து வாங்கினேன்.

நூல் வெளியே தெரியும் பக்கத்தில் சிலிகான் பூசினேன். ஹார்ட்வேர் கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் வினிகர் வாடை அடிக்கும் ரகம். காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், பித்தளையைத் தின்னும். "நியூட்ரல்" என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். காய்ந்த பின் வலது பக்கம் 70 ஓம். எப்படி மடக்கினாலும் 70-தான். இடதை விட நன்றாகவே ஆகிவிட்டது.

மிச்சமிருந்தது முதல் பத்து நிமிடத் துள்ளல். இதற்குக் கோளாறு என்று எதுவும் இல்லை. காய்ந்த ரப்பர் காய்ந்த தோலில் பட்டால் சைகை ஏறாது. அதோடு ஆடிக் காற்றில் படபடக்கும் பாலியஸ்டர் ஜெர்சி நிலைமின்சாரத்தை உண்டாக்கும். ஒரு மில்லிவோல்ட்டைத் தேடும் சென்சாருக்கு அது ஒவ்வொன்றும் ஒரு துடிப்பு. 214 அங்கிருந்து வந்தது. கிளம்பும் முன் ரப்பர் இரண்டையும் தண்ணீரில் நனைத்தால் போதும். எச்சில் தொட்டாலும் வேலை செய்யும், அதில் உப்பு இருக்கிறதல்லவா. வெயில் காய்ந்த நாளில் தண்ணீர் சீக்கிரம் உலர்ந்துவிடுகிறது, அப்போது ஈசிஜி ஜெல் ஒரு சொட்டு. பருத்தி பனியன் போட்டால் துள்ளல் இன்னும் குறைகிறது என்பது என் அனுபவம். நெஞ்சில் முடி அடர்ந்தவர்கள் பட்டையைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிக் கட்டிப் பார்க்கலாம்.

சரி செய்ததை மாமாவின் வாட்சோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போக வேண்டும் என்று மாமா தினமும் நடக்கிறார். துடிப்பு 120-ஐத் தாண்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உச்சத் துடிப்பு எவ்வளவு என்று பார்க்க 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு அவருக்குப் பொருந்தாது. அவர் சாப்பிடும் மாத்திரை துடிப்பையே குறைக்கிற ரகம். வாட்ச் 116-இல் அசையாமல் நின்றது. "பாத்தியா மாப்ளே, என்னுது கல்லு மாதிரி நிக்குது. ஒன் பெல்ட்டுதான் ஆடுது" என்றார். அசையாமல் நின்றதுதான் எனக்குச் சந்தேகம். நடக்கும்போது துடிப்பு அப்படி ஓர் எண்ணில் நிற்காது.

"மாமா, ஒரு நிமிசம் நில்லுங்க" என்று கையைப் பிடித்து எண்ணினேன். 96. அப்புறம் அவரை நடக்கச் சொல்லி, காலடியை எண்ணினேன். நிமிடத்துக்கு 116. வாட்ச் பச்சை ஒளியைத் தோலுக்குள் விட்டு, ரத்தம் ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ணுகிறது. வாட்ச் தளர்வாக இருந்தால் கை வீசும்போதெல்லாம் ஒளி அதே தாளத்தில் மாறும். அதைத் துடிப்பு என்று எடுத்துக்கொள்கிறது. ஓடுகிறவர்களுக்கு இது 160, 170 என்று வந்து பயமுறுத்தும். மணிக்கட்டு எலும்புக்கு மேலே இரண்டு விரற்கடை ஏற்றி இறுக்கிக் கட்டியதும் 116 கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி 98-க்கு வந்தது. என் பட்டையை அவருக்குக் கட்டிப் பார்த்தபோது 97.

அவருக்கு ஒரு பட்டை வாங்குவது என்று முடிவாகிவிட்டது. சென்சாரும் பட்டையும் தனித்தனியாகக் கழலும் வகையாகப் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன். சென்சார் பல வருடம் வரும், முதலில் போவது பட்டைதான், அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஒட்டியே வருவதை வாங்கினால் ஓர் இழை அறுந்தாலும் மொத்தமும் குப்பை. வந்ததும் சென்சாரைக் கழற்றிவிடுவது, மிதமான சோப்பில் பட்டையை அலசுவது, துணி மென்மையாக்கும் திரவமும் பிளீச்சும் படாமல் பார்ப்பது, வெயிலில் போடாமல் வளவின் நிழலில் கொடியில் தொங்கவிடுவது, இவ்வளவையும் சொல்லிக் கொடுத்தேன். மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் புளி?" என்றார். புதுப் பட்டைக்குப் புளி வேண்டாம் மாமா, களிம்பு பிடித்தால் பார்க்கலாம்.